சங்கக் கணக்கு எழுதுவதும் ஆண்டுதோறும் சரிபார்ப்பதும்

ஒரு சங்கத்தின் கணக்கைச் சரிபார்க்க உட்காருகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ரசீதுப் புத்தகம். சில ஆண்டுகள் பொருளாளராகவும், பின்னர் வேறு சில சங்கங்களுக்கு உள்தணிக்கையாளராகவும் இருந்ததில் எனக்குப் படிந்துபோன பழக்கம் இது. ஒரு சங்கத்தில் 101 முதல் 150 வரை எண்ணிட்ட புத்தகத்தைப் புரட்டியபோது, 137ஆம் அடிக்கட்டைக்கு அடுத்து 139 வந்தது. பெயரைத் தப்பாக எழுதிவிட்டதால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டதாகப் பொருளாளர் சொன்னார். அவரை அறிந்த எவரும் அதை நம்புவார்கள், நானும் நம்பினேன். ஆனால் அதை மெய்ப்பிக்க அவரிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லாததால், பொதுக்குழுவில் அரை மணி நேரம் நின்று அவர் பதில் சொல்ல நேர்ந்தது. தவறிய ரசீதின் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, ‘ரத்து’ என்று எழுதி, மூலத்தையும் அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் குத்தி வைத்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

உறுப்பினர் சங்கங்களில் கணக்கு எழுதுபவர் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர். கணக்கியல் படித்தவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் பொறுப்பு மாறிவிடும். ஆகவே சங்கக் கணக்கு நன்றாக இருக்கிறதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நாளை பொறுப்பேற்கும் புதியவர், பழைய பொருளாளரைத் தொலைபேசியில் அழைக்காமல், ஒவ்வொரு தொகையும் யாரிடமிருந்து வந்தது, எதற்காக, யார் ஒப்புதலின்பேரில் போனது என்பதைத் தாள்களை வைத்தே சொல்ல முடிய வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவைப்படாது. கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் இதைச் செய்துகாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் இதைக் கோட்டைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆண்டு தொடங்கும் முன்

நிதியாண்டு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதைச் சங்கத்தின் துணைவிதிகளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தா ஆண்டும் நிதியாண்டும் வெவ்வேறாக இருக்கும் சங்கங்கள் உண்டு. அவற்றில் குழப்பம் பிறப்பதே அந்த இடைவெளியில்தான். அடுத்து, கணக்குத் தலைப்புகளின் பட்டியலை எழுதிச் செயற்குழுவின் ஒப்புதலைப் பெறுங்கள். வரவில் ஆறேழு தலைப்புகளும் செலவில் பத்துப் பன்னிரண்டு தலைப்புகளும் நடுத்தரச் சங்கம் ஒன்றுக்குப் போதும். ‘இதர செலவு’ என்ற தலைப்பு தவிர்க்க முடியாததுதான். ஆனால் ஆண்டு முடிவில் அது மற்றத் தலைப்புகளைவிடப் பெருத்து நிற்குமானால், தலைப்புகளைப் பிரித்த விதத்தில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். பணம் எடுக்கவும் காசோலை வழங்கவும் குறைந்தது இருவரின் கையொப்பம் வேண்டும். அந்த இருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. இணையவழிப் பரிமாற்றத்துக்கும் ஒருவர் பதிவிட்டு மற்றவர் ஒப்புதல் தரும் வசதியை வங்கியில் கேட்டுப் பெறுங்கள். கூடுதல் வசதிக்காகப் பொருளாளரின் சொந்தக் கணக்குக்குச் சந்தாவை அனுப்பச் சொல்வதை ஒரு நாள்கூட அனுமதிக்காதீர்கள். அவர் ஒரு காசைத் தொடாவிட்டாலும், சங்கத்தின் பணத்தைச் சரிபார்க்க அவருடைய சொந்த வங்கி அறிக்கையைக் கேட்க வேண்டிய தர்மசங்கடம் பிறகு எல்லோருக்கும் வந்து சேரும்.

ஒற்றைப் பதிவா இரட்டைப் பதிவா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி 1494இல் அச்சில் விளக்கினார். ஒவ்வொரு பற்றுக்கும் ஈடான வரவு ஒன்று உண்டு என்ற அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. அதன் பயன், கூட்டல் பிழையையும் ஒரு பக்கம் மட்டும் விடுபட்ட பதிவையும் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான். சொத்தும் கடனும் வைப்புத்தொகையும் உள்ள சங்கம் அந்த முறைக்கு மாறிவிடுவது நல்லது. ஒரு வங்கிக் கணக்கும் சில்லறை ரொக்கமும் மட்டுமே உள்ள சிறு சங்கத்துக்கு, ஒழுங்காக எழுதப்பட்ட ரொக்க ஏடே போதுமானது.

அன்றாடப் பதிவு

வரவு எதுவானாலும் எண்ணிட்ட ரசீது தர வேண்டும். ரசீதில் நாள், உறுப்பினர் எண், பெயர், தொகை எண்ணாலும் எழுத்தாலும், எந்த ஆண்டுக்கான சந்தா, எவ்வழியாகச் செலுத்தினார் ஆகியவை இருக்க வேண்டும். ‘எந்த ஆண்டுக்கு’ என்ற அந்த ஒரு சொல் விடுபட்டால் ஆண்டு முடிவில் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. வங்கி வழியே வந்த தொகைக்குப் பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகங்கள் எத்தனை அச்சிடப்பட்டன, எது யாரிடம் எந்த நாளில் கொடுக்கப்பட்டது, எப்போது திரும்பியது என்பதற்கு ஒரு தனிப்பதிவேடு வைத்திருங்கள். பல பேர் வசூலுக்குப் போகும் சங்கங்களில் இந்தப் பதிவேடு இல்லாவிட்டால், பயன்படுத்தாத புத்தகம் ஒன்று வெளியே இருப்பதுகூடத் தெரியாது.

வசூலான ரொக்கத்தை முழுமையாக, அப்படியே வங்கியில் செலுத்த வேண்டும். இது எளிதாகத் தோன்றினாலும் அதிகம் மீறப்படும் விதி இதுவே. வசூலில் 8,000 வந்தது, அரங்க வாடகைக்கு 3,000 கொடுத்தோம், மீதி 5,000 வங்கியில் போட்டோம் என்று சொல்வார்கள். ஏட்டிலும் 5,000 வரவு என்றே எழுதிவிடுவார்கள். இதனால் வரவும் குறைவாகத் தெரிகிறது, செலவும் மறைந்துபோகிறது. 8,000 வரவாகவும் 3,000 செலவாகவும் தனித்தனியே பதியப்பட வேண்டும். செலவை வங்கியிலிருந்தோ சில்லறை ரொக்கத்திலிருந்தோ தர வேண்டும். நிகழ்ச்சி நடத்தும்போது இது இன்னும் முக்கியம். நுழைவுச்சீட்டு அச்சிட்டது எத்தனை, விற்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்ற கணக்கும் வசூலான தொகையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

செலவுக்கு வவுச்சர், அதாவது செலவுச் சான்றுத் தாள், உயிர்நாடி. ஒவ்வொரு வவுச்சருக்கும் தொடர் எண்ணும், அதே எண் ரொக்க ஏட்டிலும் இருக்க வேண்டும். வவுச்சரோடு கடையின் மூலப் பட்டியலும் (பில்), பெற்றவரின் கையொப்பமும், ஒப்புதல் அளித்தவரின் கையொப்பமும் சேர்ந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவானால், செயற்குழுத் தீர்மானத்தின் நாளையும் எண்ணையும் வவுச்சரிலேயே குறியுங்கள். தனக்குத் தானே ஒப்புதல் அளித்துக்கொள்வது எவருக்கும் கூடாது. பொருளாளரின் பயணச் செலவுக்குத் தலைவரும், தலைவரின் செலவுக்குச் செயலாளரும் கையெழுத்திடட்டும். இன்னொரு சிறு விஷயம்: வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான கடைப்பட்டியல்கள் சில மாதங்களில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். தணிக்கையின்போது வெற்றுத் தாளை நீட்டி ‘இதுதான் பில்’ என்று சொல்ல நேராதிருக்க, வாங்கிய அன்றே நகலெடுத்துச் சேர்த்து வைத்துவிடுங்கள்.

சில்லறைச் செலவுக்கு முன்பண மீட்பு முறை மிகவும் ஏற்றது. 2,000 என்று ஒரு நிலையான தொகையைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் 1,640 செலவழித்து வவுச்சர்களைக் கொண்டுவந்தால், சரியாக 1,640 கொடுத்துத் தொகையைப் பழையபடி நிரப்புகிறோம். எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் கையிருப்பும் வவுச்சர்களும் சேர்ந்து 2,000 இருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் சரியா தவறா என்று தெரிந்துவிடுவதுதான் இதன் அழகு. நிகழ்ச்சிகளுக்கு முன்பணம் வாங்கியவர்கள் கணக்கை ஒப்படைக்கக் கெடு ஒன்றும் வைத்துவிடுங்கள். பழைய முன்பணத்தைத் தீர்க்காதவருக்குப் புதிய முன்பணம் இல்லை என்ற விதி நட்பைக் கெடுக்காது.

கணினியில் விரிதாளில் எழுதுகிறவர்கள் ஒரு பரிமாற்றத்துக்கு ஒரு வரி என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். மாதம் முடிந்து சரிபார்த்ததும் அந்த மாதத்தைப் பூட்டிவிட்டு, ஒரு நகலைச் செயலாளரிடமும் கொடுங்கள். பிறகு பிழை கண்டுபிடித்தால் பழைய வரியை அழிக்காமல், கண்டுபிடித்த நாளில் திருத்தப் பதிவு ஒன்றைக் காரணத்தோடு எழுதுங்கள். காகித ஏட்டில் வெள்ளை மை பூசுவது எவ்வளவு தவறோ, கணினியில் சத்தமில்லாமல் எண்ணை மாற்றுவதும் அவ்வளவு தவறு.

மாதக் கடைசி வேலை

ஆண்டுக் கணக்கு என்று ஒன்று தனியாகக் கிடையாது. பன்னிரண்டு மாதக் கணக்கின் கூட்டல்தான் அது. எனவே மாதந்தோறும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தயாரிப்பதை எக்காரணம் கொண்டும் தள்ளிப் போடக் கூடாது. ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் இருப்பு 84,200, வங்கி அறிக்கையில் 91,550 என்று வைத்துக்கொள்வோம். வங்கி சேர்த்த வட்டி 1,200, பிடித்தம் செய்த கட்டணம் 350 ஆகிய இரண்டும் நம் ஏட்டில் ஏறவில்லை. அவற்றைப் பதிந்தால் ஏட்டின் இருப்பு 85,050 ஆகும். மறுபுறம், நாம் கொடுத்து இன்னும் பணமாக்கப்படாத காசோலைகள் 9,000. நாம் செலுத்தி இன்னும் வரவு வைக்கப்படாத தொகை 2,500. வங்கி இருப்பில் முதலாவதைக் கழித்து இரண்டாவதைக் கூட்டினால் அங்கும் 85,050 வந்து நிற்கிறது. அந்தத் தாளில் பொருளாளர் அல்லாத ஒருவர் வங்கி அறிக்கையைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பல மாதங்களாகப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும் காசோலையை மட்டும் விசாரித்துவிடுங்கள். பெற்றவர் தொலைத்திருப்பார், அல்லது அந்தக் காசோலை எவருக்கும் கொடுக்கப்படாமலே இருக்கும்.

கணக்கு இடிக்கும்போது வித்தியாசத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது 9ஆல் மீதமின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை எனக்கு 270 இடித்தது. 630 என்ற அஞ்சல் செலவு 360 என்று ஏறியிருந்தது. நூறுகளும் பத்துகளும் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 90இன் மடங்காக இருக்கும். 270ஐ 90ஆல் வகுத்தால் 3 என்பதால், அந்த இரு இலக்கங்களுக்கிடையே 3 வேறுபாடு உள்ள பதிவுகளை மட்டும் தேடினால் போதும். வித்தியாசத்தின் சரிபாதித் தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், வரவாக எழுத வேண்டியதைச் செலவாக எழுதியிருக்கலாம். இரவு முழுக்கக் கூட்டிக் கழிப்பதைவிட இந்த இரண்டு சோதனைகளும் விரைவில் பலன் தரும்.

சந்தாவை உறுப்பினர் பதிவேட்டோடு பொருத்துதல்

வணிக நிறுவனத்துக்கு இல்லாத ஒரு வசதி உறுப்பினர் சங்கத்துக்கு உண்டு: இந்த ஆண்டு எவ்வளவு வரவேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். பல தணிக்கைகள் இந்தப் பொருத்தத்தைச் செய்யாமலே முடிந்துவிடுவதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் 240 உறுப்பினர்கள். நடுவில் 12 பேர் சேர்ந்தார்கள். செலுத்தும் முன்பே 9 பேர் விலகினார்கள் அல்லது காலமானார்கள். ஆக, சந்தா செலுத்த வேண்டியவர்கள் 243 பேர். ஆண்டுச் சந்தா 500 என்றால் இந்த ஆண்டுக்குரிய தொகை 1,21,500. ரொக்க ஏட்டிலோ சந்தா வரவு 1,19,500 என்று இருக்கிறது. இரண்டையும் பார்த்து ‘2,000தான் நிலுவை’ என்று முடிவு கட்டினால் அது பெரும்பிழை. அந்த 1,19,500இல் இந்த ஆண்டுக்கானது 1,09,000. சென்ற ஆண்டு நிலுவையாக வந்தது 6,500. அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டியே வந்தது 4,000. மேலும், இந்த ஆண்டுக்கான சந்தாவை 6 பேர் சென்ற ஆண்டே செலுத்தியிருந்தார்கள், அது 3,000. எனவே இந்த ஆண்டுக்கு இதுவரை வந்தது 1,12,000. உண்மையான நிலுவை 9,500, அதாவது 19 பேர். அந்த 19 பேரின் பெயர்ப் பட்டியல் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து தனியாக வர வேண்டும். இரு வழியிலும் எண்ணிக்கை ஒன்றாக வந்தால் நிம்மதி. பட்டியலில் 23 பேர் வந்தால், நான்கு பேர் செலுத்தியது பதிவேட்டில் ஏறவில்லை, அல்லது வேறு ஏதோ தொகை சந்தா என்ற பெயரில் ஏட்டில் ஏறியிருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்க வேண்டும்.

நிலுவையில் இருப்பவர்களுக்குத் தணிக்கையாளரே சிறு கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பி, ‘உங்கள் பெயரில் இவ்வளவு நிலுவை இருக்கிறது, சரிதானா?’ என்று கேட்பது சிறந்த சோதனை. ஒருவரிடம் வாங்கிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் செலுத்தியதை முதலாமவர் பெயரில் பதிந்து, மூன்றாமவர் பணத்தை இரண்டாமவருக்கு ஈடுகட்டும் ஏமாற்று ஒன்று உண்டு. எல்லாப் பதிவுகளும் ஒழுங்காகத் தெரிவதால் ஏட்டை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். ரசீதின் நாளுக்கும் வங்கியில் செலுத்திய நாளுக்கும் இடையிலான இடைவெளி தொடர்ந்து நீண்டுகொண்டே போவதும், உறுப்பினரின் பதிலும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆயுள் சந்தாவை வாங்கிய ஆண்டின் வருமானமாக முழுவதும் காட்டி அந்த ஆண்டே செலவழித்துவிட்டால், பிற்காலத்தில் அந்த உறுப்பினர்களுக்குச் செய்யும் செலவுக்குப் பணம் இருக்காது. அதைத் தனிநிதியாக வைப்பதோ, ஆண்டுகளுக்குப் பகிர்ந்து வருமானமாக எடுத்துக்கொள்வதோ நலம். எதைச் செய்தாலும் ஆண்டுதோறும் அதே முறையைத் தொடருங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காகப் பெற்ற நன்கொடையும் அப்படித்தான்: நூலகத்துக்கு வந்த பணத்தைப் பொதுச் செலவுக்கு எடுத்தால் அது கடன் என்றே பதியப்பட வேண்டும்.

ஆண்டு முடிவும் சரிபார்ப்பும்

பெறுதல் செலுத்தல் கணக்கு, ரொக்கமும் வங்கியும் எப்படி நகர்ந்தன என்பதை மட்டும் காட்டும். வருவாய் செலவினக் கணக்கு, அந்த ஆண்டுக்கே உரிய வரவையும் செலவையும் காட்டும். இருப்புநிலைக் குறிப்பு, கடைசி நாளில் சங்கத்துக்கு என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்று சொல்லும். கையில் பணம் நிறைய இருப்பதால் மட்டும் சங்கம் லாபத்தில் ஓடுவதாகக் கொள்ள முடியாது. முன்கூட்டி வந்த சந்தாவும் பணம் கொடுபடாத பில்களும் அதில் ஒளிந்திருக்கலாம்.

சரிபார்ப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. செயற்குழுவில் இருப்பவரோ, காசோலையில் கையொப்பமிடுபவரோ, அவர்களின் நெருங்கிய உறவினரோ ஆகாது. பொதுக்குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டம் தகுதிபெற்ற தணிக்கையாளரைக் கேட்கும் இடத்தில் அவரைத்தான் அமர்த்த வேண்டும். முழுத் தணிக்கைக்கும் மீளாய்வுக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். மீளாய்வுப் பணிகளுக்கான 2400 எண்ணுள்ள சர்வதேசத் தரநிலைப்படி, மீளாய்வு தருவது வரையறுக்கப்பட்ட உறுதி மட்டுமே, அதாவது முழுத் தணிக்கை தருவதைவிடக் குறைந்த உறுதி. விசாரிப்பதும் பகுத்தாராய்வதும்தான் அதன் முதன்மை வழிகள். ‘கணக்கு சரியில்லை என்று நம்பும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை’ என்ற பாங்கில் அதன் அறிக்கை அமையும். உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உள்தணிக்கையாளர்கள் தாங்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டால் போதும்; படிக்காத நூறு வவுச்சருக்கும் சேர்த்து நற்சான்று வழங்க வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும்போது, சென்ற ஆண்டின் இறுதி இருப்பே இந்த ஆண்டின் ஆரம்ப இருப்பாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எத்தனை சங்கங்களில் இந்த முதல் படியே இடறுகிறது என்று கண்டால் வியப்பாக இருக்கும். வங்கி அறிக்கையைப் பொருளாளர் தரும் அச்சுப்படியாக இல்லாமல், இயன்றால் வங்கியிடமிருந்து நேரடியாகப் பெறுங்கள். ரொக்கத்தை முன்னறிவிப்பின்றி ஒருநாள் எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது பொறுப்பாளர் உடனிருக்க வேண்டும், எண்ணியதற்கு அவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். வவுச்சர்களில் பெரிய தொகைகள் அனைத்தையும், சிறியவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றையும் பாருங்கள். நிர்வாகிகளுக்கோ அவர்களின் உறவினர் நடத்தும் கடைகளுக்கோ போன பணத்தை ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். அதில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் செயற்குழுவுக்குத் தெரிந்தே நடந்ததா என்பது கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து அடுத்த ஓரிரு மாதங்களில் கொடுத்த தொகைகளையும் புரட்டுங்கள். சென்ற ஆண்டுக்குரிய கடன்கள் சொல்லப்படாமல் நின்றிருந்தால் அங்கேதான் வெளிப்படும். சொத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் நேரில் எண்ணுங்கள். ஒலிபெருக்கி யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும் என்பது ஏறக்குறைய உறுதி.

குறைகளை எழுதும்போது நபரை விட்டுப் பதிவைப் பற்றி எழுதுங்கள். ‘பொருளாளர் அலட்சியமாக இருந்தார்’ என்பதற்குப் பதில் ‘வவுச்சர் 46, 51, 73 ஆகியவற்றில் பெற்றவரின் கையொப்பம் இல்லை’ என்று எழுதினால், அவர் அன்றே போய்க் கையொப்பம் வாங்கி வருவார். அறிக்கையின் வரைவைச் செயற்குழுவிடம் காட்டிப் பதில் பெற்று, அந்தப் பதிலையும் சேர்த்தே பொதுக்குழுவில் வையுங்கள்.

பொதுக்குழுவுக்கு ஒரு பக்கத் தாள் போதும்: இந்த ஆண்டு, சென்ற ஆண்டு, வரவுசெலவுத் திட்டத்தில் எதிர்பார்த்தது என மூன்று பத்திகள், பெரிய ஏற்றத்தாழ்வுகளுக்கு இரண்டு மூன்று வரியில் விளக்கம். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அது உறுப்பினர்களின் கையில் இருந்தால், கூட்டத்தில் எழும் கேள்விகளின் தரமே வேறாக இருக்கும்.

பொறுப்பு மாறும்போது பழையவரும் புதியவரும் ஒரு பட்டியலில் கையொப்பமிட்டு ஏடுகளையும், பயன்படுத்திய, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களையும், காசோலைப் புத்தகங்களையும், கடவுச்சொற்களையும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். வங்கியில் கையொப்பதாரர் மாற்றத்தையும் அந்த வாரமே செய்துவிட வேண்டும். வவுச்சர்களை உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் காலம் வரை வைத்திருங்கள். துணைவிதிகள், கூட்டக் குறிப்பேடு, சொத்துப் பதிவேடு, தணிக்கை அறிக்கைகள் ஆகியவற்றை நிரந்தரமாக. அந்தக் கோப்பின் மேலே, தணிக்கையில் சுட்டிய குறைகளையும் அவற்றில் எவை தீர்ந்தன என்பதையும் எழுதிய தாள் ஒன்றை வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு சரிபார்க்க வருபவர் ரசீதுப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே அதைத்தான் கேட்பார்.